கல்லில் இருந்த கடல்

(மண்ணூர்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மண்ணூர்பேட்டையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். புழல் என்பார் ஒருவர், பூண்டி என்பார் இன்னொருவர். போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று மற்றவர்கள் அடுக்குவார்கள். 2019 கோடையைப் பார்த்தவர்கள் ஜோலார்பேட்டை என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டு சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதலாவது தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் பயணம் செய்து, பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வில்லிவாக்கத்தில் இறங்கி, குழாய் வழியே கீழ்ப்பாக்கம் போனது.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அதற்கும் முந்தைய கேள்வி. காவிரிக்கு மழை கொடுத்தது. மழைக்குக் கடல் கொடுத்தது. கடலுக்கு யார் கொடுத்தார்கள்? இந்தப் பூமி உருண்டு திரண்ட காலத்தில் இந்த நீர் எங்கே இருந்தது?

நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு வால்மீன் என்ற பதில் பரவலாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. வறண்டு கிடந்த பூமியின் மேல் பனிக்கட்டி வால்மீன்கள் வந்து மோதின, கடல் உண்டானது என்று பள்ளிகளிலும் சொல்லியிருக்கிறோம். கேட்க அழகான கதைதான். ஆனால் அதற்குக் கிடைத்த இடம் அதன் சான்றுகளை மிஞ்சியது என்பது என் கருத்து. நம் நீரின் பெரும்பங்கு, பூமியைக் கட்டிய கல்லோடு கல்லாக, கல்லுக்குள்ளேயே வந்தது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கான சாட்சிகளில் சில நம் நாட்டில் விழுந்த கற்கள். ஒன்று, நமக்கு மிக அருகே நிற்கும் பரங்கிமலை.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். கடல்களில் உள்ள நீர் 133 கோடி கன கிலோமீட்டருக்குச் சற்று மேல். பூமியின் மேற்பரப்பில் 71 விழுக்காட்டை அது மூடியிருக்கிறது. இதைக் கேட்டதும் பூமியே நீரால் ஆனது போலத் தோன்றும். ஆனால் கடலின் சராசரி ஆழம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். எடைக்கணக்கில் பார்த்தால் கடல் முழுவதும் சேர்ந்து பூமியின் 4,000இல் ஒரு பங்குகூட இல்லை. பெரிய கடல் எப்படி வந்தது என்று வியப்பதைவிட, இத்தனை பெரிய கல் உருண்டையில் இவ்வளவு சிறிய ஈரம் எப்படித் தங்கியது என்று கேட்பதே பொருத்தம்.

நீர் பிரபஞ்சத்தில் அரிதான பொருளும் இல்லை. அணுக்களின் எண்ணிக்கையில் ஹைட்ரஜன் முதலிடம், ஆக்சிஜன் மூன்றாமிடம். இரண்டும் சந்திக்கும் குளிர்ந்த இடமெல்லாம் நீர்ப்பனி உண்டு. ஓரியன் திசையில் ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் உருவாகிக்கொண்டிருக்கும் ஓர் இளம் விண்மீனைச் சுற்றிய வட்டிலில் நீராவி இருப்பதை, சிலி நாட்டிலுள்ள ஆல்மா தொலைநோக்கியால் அளந்து 2023இல் அறிவித்தார்கள். அந்த நீரின் வேதிச் சாயல் விண்மீனிடை மேகங்களின் நீரோடு ஒத்துப்போனது. நாம் குடிக்கும் நீரிலும் ஒரு பகுதி சூரியனைவிட வயதில் மூத்தது என்று கருத இடமிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பூமி இருக்கும் இடத்தில். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் சூரியனைச் சுற்றித் தூசும் வாயுவும் சுழன்றுகொண்டிருந்தபோது, ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால்தான் நீர் உறைந்து பனியாக நிற்க முடிந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட அந்த எல்லையைப் பனிக்கோடு என்பார்கள். பூமி அதற்கு வெகு உள்ளே, வெக்கையான பக்கத்தில் பிறந்தது. அங்கே திரண்ட தூசு உலர்ந்த தூசு. அப்படியானால் நீர் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தார்கள். வால்மீன் கதைக்குக் கால் முளைத்தது இங்கேதான்.

கதையைச் சோதிக்க நீரிடமே ஒரு கைரேகை இருக்கிறது. அமெரிக்க வேதியியலர் ஹெரால்டு யூரே 1931இல் கண்டுபிடித்து, 1934இல் நோபல் பரிசு பெற்ற டியூட்டீரியம்தான் அது. ஹைட்ரஜனின் கனமான உடன்பிறப்பு. நம் கடல்நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். இது எங்கோ தொலைதூர ஆய்வகத்துச் சங்கதி என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கனநீர் ஆலை 1970களின் இறுதியில் தொடங்கப்பட்டது, இந்த 6,400இல் ஒன்றைப் பிரித்துச் சேர்ப்பதற்காகத்தான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் கனநீரை வைத்தே ஓடும் வகையில் அமைக்கப்பட்டவை. டியூட்டீரியத்தை எண்ணுவதும் பிரிப்பதும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளின் கைகள் பழகிய வேலை.

சரி, வால்மீனின் நீரில் இந்த விகிதம் என்ன? 1986இல் ஹாலி வால்மீன் வந்தபோது ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் அதன் அருகே சென்று அளந்தது. நம் கடலைப் போல இரண்டு மடங்கு டியூட்டீரியம். அடுத்து ஹியாகுடாகே, ஹேல்-பாப் என்ற இரண்டு பெரிய வால்மீன்கள். அவற்றிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2011இல் ஹார்ட்லி-2 என்ற சிறிய வால்மீனில் அளந்தபோது விகிதம் கடல்நீரோடு அப்படியே பொருந்தியது. வால்மீன் கட்சி மறுபடி தலைநிமிர்ந்தது. 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி என்ற வால்மீனைச் சுற்றிவந்து அளந்தபோது மூன்று மடங்குக்கும் மேல் என்று வந்தது. கட்சி மறுபடி தளர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2024இல், அதே ரொசெட்டா அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், வால்மீனைச் சுற்றியிருந்த தூசில் கன நீர் ஒட்டிக்கொண்டு விகிதத்தை உயர்த்திக் காட்டிவிட்டது, உண்மை அளவு கடலுக்கு இன்னும் நெருங்கியிருக்கும் என்றார்கள். ஆக வால்மீனை வழக்கிலிருந்து முற்றாக விடுவிக்க முடியாது. ஆனால் முதல் சாட்சியாக நிறுத்தவும் முடியாது.

இப்போது கற்களிடம் வருகிறேன். எனக்கு நெருக்கமான இடம் இது. சற்று நின்று பார்க்க வேண்டும்.

2017 ஜூன் 6ஆம் தேதி விடியற்காலையில் ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே முகுந்த்புரா என்ற சிற்றூரின் வயலில் ஒரு கல் விழுந்தது. இரண்டு கிலோ அளவு. விழுந்த வேகத்தில் மண்ணில் குழி பறித்து, உடைந்து சிதறியது. கையில் எடுத்தால் கரி போன்ற கறுப்பு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைப் பெற்று ஆராய்ந்தது. கார்பன் செறிந்த விண்கல் வகை என்று தெரிந்தது. உலகில் விழும் கற்களில் இந்த வகை மிகக் குறைவு. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் நிறைந்திருந்தவை களிமண் இனத்துத் தாதுக்கள். களிமண் உண்டாக நீர் வேண்டும். எங்கோ ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் பனி உருகி, அந்த நீர் கல்லைத் தின்று, கல்லும் நீரும் சேர்ந்து களிமண்ணாகி, 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து, ஒரு விடியலில் ராஜஸ்தான் வயலில் வந்து விழுந்தது.

இந்த இனத்துக் கற்களில் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர் இருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தாதுவின் கட்டமைப்புக்குள் கோத்திருக்கும். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் விஞ்ச்கோம்ப் ஊரில் ஒரு வீட்டு வாசலில் இதே இனத்துக் கல் விழுந்தது. வீட்டார் சில மணி நேரத்தில் அள்ளிப் பைகளில் போட்டுவிட்டார்கள்; மழை படவில்லை. அதில் 11 விழுக்காடு நீர் இருந்தது. அந்த நீரின் டியூட்டீரியம் விகிதம் நம் கடலோடு ஒத்துப்போனது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு நீர் கொண்ட கல், பூமியின் மொத்த எடையில் 400இல் ஒரு பங்கு கலந்திருந்தால் போதும், வங்கக் கடல், அரபிக் கடல், பசிபிக் எல்லாம் நிரம்பிவிடும். சாம்பாரில் பெருங்காயம் சேர்ப்பது போன்ற அளவுதான்.

எல்லாக் கல்லும் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் 1940இல் விழுந்த செமர்கோனா என்ற விண்கல் உலக நிலவியலாளர்களிடையே பெரும் புகழ் பெற்றது; பிறந்தபோது எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கும் கல். அதன் தாதுக்களில் உள்ள நீரில் டியூட்டீரியம் நம் கடலைவிடப் பல மடங்கு. அந்தக் கல்லின் நீர் நம் நீர் இல்லை. ஒரே நாட்டில் விழுந்த இரண்டு கற்கள், ஒன்று உறவு என்கிறது, மற்றது உறவில்லை என்கிறது. இப்படி ஒவ்வொரு கல்லாகக் கேட்டுத்தான் குடும்ப மரத்தை வரைய முடியும்.

இனி, என் மனத்தை மாற்றிய ஆய்வு. 2020இல் பிரான்சில் லோரெட் பியானி என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் என்ஸ்டடைட் விண்கற்களை எடுத்துக்கொண்டார்கள். இவை பனிக்கோட்டுக்கு உட்புறம், பூமி பிறந்த அதே வெக்கையான வட்டாரத்தில் உண்டானவை. ஆக்சிஜன் முதலிய பல தனிமங்களின் சாயலில் பூமியோடு மிக நெருங்கியவை. பூமி என்ன பொருளால் கட்டப்பட்டது என்று கேட்டால், இவை போன்ற கல்லால்தான் என்று கைகாட்டலாம். ஆனால் உலர்ந்தவை, நீரே இல்லாதவை என்று எண்ணி இவற்றில் நீரைத் தேடியவர்கள் குறைவு. தேடிப் பார்த்தபோது, இத்தகைய கல்லாலேயே பூமி முழுவதும் கட்டப்பட்டிருந்தால் இன்றைய கடல்களைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு நீரைத் தரும் அளவுக்கு ஹைட்ரஜன் இருந்தது. அதன் டியூட்டீரியம் விகிதம் பூமியின் ஆழத்திலுள்ள நீரோடு பொருந்தியது.

இந்தக் குடும்பத்துக்கு உறவான ஒரு கல் நம் காலத்திலேயே இந்தியாவில் விழுந்தது. 2022 ஆகஸ்ட் 17 மாலை, குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம் தியோதர் வட்டாரத்தில். ஒரு துண்டு வேப்பமரக் கிளையில் பட்டுச் சிதறியது. இன்னொன்று பக்கத்து ஊரில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தின் தரை ஓடு ஒன்றை உடைத்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் ஆராய்ந்து, ஆப்ரைட் என்ற அரிய வகை என்றார்கள். என்ஸ்டடைட் என்ற தாது நிறைந்த வெளிறிய கல். இந்தியாவில் இந்த வகை இதற்கு முன் விழுந்தது 1852இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பகுதியில்.

பனி வெளியிலிருந்து வந்து மோதிய பிறகுதான் நீர் என்ற கட்டாயம் இதனால் நீங்கியது. கட்டுமானக் கல்லிலேயே போதிய ஹைட்ரஜன் இருந்தது. அதன் மேல் கார்பன் செறிந்த கற்கள் ஒரு பங்கு சேர்த்தன. வால்மீன்கள் சிறிது சேர்த்திருக்கலாம். சூரியக் காற்றும் கொஞ்சம் தந்திருக்கலாம். சூரியக் காற்று என்றதும் சந்திரயான்-1 நினைவுக்கு வர வேண்டும். 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்டு, கோவை மாவட்டம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து நடத்திய அந்தக் கலம், காய்ந்தது என்று எண்ணப்பட்ட நிலவின் மண்ணில் நீரின் அடையாளம் இருப்பதை 2009இல் உலகுக்குக் காட்டியது. சூரியனிலிருந்து பாயும் ஹைட்ரஜன் நிலவுக் கல்லின் ஆக்சிஜனோடு சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கல்லுக்குள் நீர் இருந்தது என்று ஒப்புக்கொண்டாலும், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்பீர்கள். அதற்குப் பரங்கிமலைக்கு வாருங்கள்.

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பகுதியின் கல் சார்னோகைட். நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம், உடைத்த முகத்தில் எண்ணெய்ப்பசை மினுக்கு. சென்னையின் எத்தனையோ கட்டடங்களின் ஜல்லி பல்லாவரம், பம்மல், திரிசூலம் குவாரிகளிலிருந்து வந்தது. உங்கள் வீட்டுத் தளத்திலும் இருக்கக்கூடும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குப் பெயர் சூட்டினார். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் அவர் பெயர். இன்று உலகில் எங்கே இந்தக் கல்லைக் கண்டாலும் நிலவியலார் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பரங்கிமலைப் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தினமும் அந்த வழியாக மின்சார ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கல்லை ஏன் இழுக்கிறேன் என்றால், இது நீரை இழந்த கல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி அளவு வெக்கையில் இது உருமாறியது. அதற்கு முன் அந்தப் பாறையில் கறுப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் இருந்தன. இரண்டும் தம் கட்டமைப்புக்குள் நீரை வைத்திருக்கும் தாதுக்கள். வெக்கை ஏற ஏற அவை சிதைந்து, நீரை விட்டுவிட்டு, நீரில்லாத ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவாக மாறின. வெளியேறிய நீர் உருகிய குழம்போடு கலந்து மேலே போனது. பரங்கிமலைக் கல்லில் ஹைப்பர்ஸ்தீன் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் நீர் புறப்பட்டுப் போன இடம்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடமும் தென்னிந்தியாவில் உண்டு. பெங்களூருக்குத் தெற்கே கப்பால்துர்கா குவாரியில், சாம்பல் நிறப் பாறையின் நடுவே, விரிசல் ஓடிய கோடுகளின் ஓரமாக, ஒரு சாண் அகலத்துக்குக் கல் கறுத்து சார்னோகைட்டாகி நிற்கிறது. பக்கத்திலேயே மாறாத பாறை. ஒரே கல்லில் முன்னதும் பின்னதும். மைசூர் நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து இதைக் கண்டு 1960இல் நேச்சர் இதழில் எழுதினார். சார்னோகைட் உருவாகும் கணத்தையே பிடித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். தென்னிந்திய சார்னோகைட்டுகளின் குவார்ட்ஸ் மணிகளில் அடைபட்ட நுண்குமிழிகளில் பெரும்பாலும் கரியமில வாயுதான் இருக்கிறது. ஆழத்திலிருந்து ஏறிவந்த கரியமில வாயு நீரைத் துரத்தியதா, அல்லது உருகிய குழம்பு நீரை உறிஞ்சிக்கொண்டு போனதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும் இடத்துக்கு இடம் நடந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். நீர் போனது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பரங்கிமலையில் ஒரு துண்டுக்கு நேர்ந்தது, தொடக்கத்தில் பூமி முழுவதற்கும் நேர்ந்தது. மோதல்களின் வெக்கையில் பூமி உருகிக் கிடந்த காலத்தில் கல்லிலிருந்து நீர் ஆவியாகக் கிளம்பி வானத்தை நிறைத்தது. இன்றைய கடல் முழுவதும் ஆவியாகி மேலே நின்றால் அதன் அழுத்தம் இப்போதைய காற்றைப் போல 270 மடங்கு இருக்கும். மேல்தளம் ஆறியதும் அந்த ஆவி மழையாக இறங்கியது. அப்போதுதான் கடல்.

எப்போது? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் என்ற மணல் அளவு மணிகளில் மிகப் பழையது 440 கோடி ஆண்டு வயதுடையது. பூமியின் வயது 454 கோடி. அந்தப் பழைய மணிகளின் ஆக்சிஜன் சாயல், அப்போதே மேல்தளத்தில் நீர் இருந்து பாறையோடு வினைபுரிந்ததைச் சொல்கிறது. நம் நாட்டிலும் ஒடிசாவின் சம்புவா பகுதிப் பாறையில் 424 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் கிடைத்ததை 2018இல் வெளியிட்டார்கள். கடல், பூமிக்கு ஏறக்குறைய உடன்பிறந்தது.

முழுவதும் வெளியே வந்துவிடவும் இல்லை. பிரேசிலில் கிடைத்த ஓர் அழுக்கான சிறு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற தாதுவின் துணுக்கு சிக்கியிருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீட்டர் வரையான ஆழத்தில் மட்டுமே நிற்கக்கூடிய தாது. அதன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் நீர். அந்த ஆழம் முழுவதும் அப்படி இருந்தால், நம் காலுக்குக் கீழே இன்னொரு கடல் அளவு நீர் கல்லோடு கல்லாக உறைந்திருக்கிறது. மேலே உள்ள கடலும் கீழே போய் வருகிறது. அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவு எரிமலை 1991இல் நீண்ட உறக்கம் கலைந்து மீண்டும் புகைந்தது. இந்தியத் தட்டு அந்தப் பக்கம் கீழே அமிழும்போது கடல்நீரைத் தன் தாதுக்களில் ஏந்திச் செல்கிறது. ஆழத்தில் அந்த நீர் விடுபட்டு, மேலுள்ள கல்லை உருகவைத்து, எரிமலை ஆவியாகத் திரும்பி வருகிறது.

வெள்ளிக் கோளுக்கு இந்தத் திரும்பி வருதல் வாய்க்கவில்லை. அங்கே எஞ்சியிருக்கும் சொற்ப நீராவியில் டியூட்டீரியம் நம் கடலைவிட நூறு மடங்குக்கும் மேல். இலேசான ஹைட்ரஜன் வானத்துக்குத் தப்பி ஓடிவிட்டது, கனமானது தங்கிவிட்டது. ஒரு காலத்தில் அங்கேயும் நீர் கூடுதலாக இருந்தது என்பதற்கு அதுவே தடயம். நமக்கு மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று கடுங்குளிராக இருப்பதால் நீராவி உறைந்து கீழே திரும்பிவிடுகிறது. நம் நீர் நம்மிடமே இருப்பது அந்தக் குளிரால்.

ஆகையால் நம்மிடம் உள்ளது பழைய நீர். புதிதாக நீர் உண்டாவதே இல்லையா என்று மாணவர்கள் கேட்பீர்கள். உண்டாகிறது; உங்கள் சமையலறையிலேயே. 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஆனால் அந்த எரிவாயுவின் ஹைட்ரஜன், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடற்பாசிகளும் நுண்ணுயிர்களும் நீரைப் பிளந்து எடுத்தது. ஆக அதுவும் பழைய கணக்கைத் திருப்பி வைப்பதுதான்.

இந்தப் பழைய நீரில் 97 விழுக்காட்டுக்கு மேல் உப்பு. நன்னீரிலும் பெரும்பகுதி துருவங்களில் உறைந்திருக்கிறது. ஏரி, ஆறு என்று நம் கண்ணில் படுவது நன்னீரில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்குதான் அம்பத்தூர் ஏரியில் நின்று, கொரட்டூர் ஏரிக்கு வழிந்து, ரெட்டேரிப் பக்கம் போகிறது. அந்த வரிசையில் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் விடுகிறவர்கள் 450 கோடி ஆண்டு வயதுள்ள பொருளைக் கெடுக்கிறார்கள். மீஞ்சூரில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 2010இல் அதே மீஞ்சூரையொட்டிய கடற்கரையில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறக்க வேண்டியதாயிற்று. உப்பை நீக்க மின்சாரம் செலவாகிறது. அதே வேலையைச் சூரியனும் மழையும் கூலியின்றிச் செய்துதருகின்றன; அப்படி வரும் நீரை அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் வாங்கிச் சேமிக்கின்றன. அந்த இரண்டு ஏரிகளின் வரத்துக்கால்வாய்களையும் காப்பது இந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கங்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பாறையை உடைக்க வேண்டாம், அது நினைவுச்சின்னம். நீர் போன கல் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு வரட்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் 77 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விண்கல் விழுந்தது. உலகப் பட்டியல்களில் அதன் பெயர் பர்னல்லி. அதன் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இனி விழுவது நம்மிடம் இருக்க வேண்டும். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறைதான் விண்கற்களின் பொறுப்பாளர். கொல்கத்தாவில் அதற்கெனக் காப்பகமே இருக்கிறது. உங்கள் மொட்டை மாடியிலோ, ஏரிக்கரையிலோ, கறுத்த மேலோட்டோடு கனமான கல் ஒன்று வானிலிருந்து விழுந்ததாகத் தெரிந்தால் கழுவாதீர்கள். ஒருமுறை மழையில் நனைந்தாலும் நம் நீர் அதற்குள் ஏறிவிடும். பிறகு அதன் சொந்த நீர் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். கல் தனக்குள் வைத்திருக்கும் பழங்காலக் காந்தப் பதிவு அழிந்துவிடும். வெறுங்கையால் தொடாமல், சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி, சுத்தமான பையில் போட்டு, விழுந்த நேரத்தையும் இடத்தையும் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காவல் நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லி, நிலவியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள்.